சாலையிலிருந்து தெரியாத பக்கம்

ஓய்வு பெற்ற கலை விமர்சகர் ஒருத்தியைக் கூப்பிட்டு, “உங்கள் அனுபவத்தை எங்களுக்கு எழுதித் தாருங்கள்” என்று கேட்டால், இனிப்பாக நாலு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் கோபமாக இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

உங்களில் ஒருவர் போன இதழில் நவீன சிற்பங்களைப் பற்றி எழுதியிருந்தார். நல்ல உழைப்பு. ஆனால் நடுவில் ஒரு பத்தி வருகிறது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் 1991இல் நின்ற ‘மிச்சம்’ என்ற இரும்புச் சிற்பம் ‘தேசத்தின் கிழிந்த உடல்’ என்கிறது அந்தப் பத்தி. அது மேற்கோள் என்று குறி போட்டுக் காட்டியிருக்கிறார். யாருடைய மேற்கோள் என்று எனக்குத் தெரியும். அந்த வரி எழுதப்பட்ட காலத்திலிருந்து நான் அதனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், வாயைத் திறக்காமல். இப்போதுதான் திறப்பதற்கு அனுமதி கிடைத்திருக்கிறது. கட்டுரையை எழுதியவரை அவமானப்படுத்துவது என் நோக்கமில்லை. அவரை ஏமாற்றிய பழக்கம் உங்கள் எல்லோரையும் பிடித்துக்கொள்ளும் என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

அந்தச் சிற்பத்தைச் செய்தவள் சகாயமேரி. சுங்குவார்சத்திரத்துக்காரி. சென்னையில் கலைக் கல்லூரியில் படித்துவிட்டு, ஊர்ப் பக்கத்துப் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தாள். பள்ளி விட்டதும் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் கொட்டகை போட்டு இரும்பில் வேலை செய்வாள். நான் அப்போது ஒரு வார இதழில் கலை விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். அவளுடைய சின்னக் கண்காட்சி ஒன்றைப் பற்றி ஒரு தடவை அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். அவ்வளவுதான் பழக்கம்.

அவள் தங்கை ஆரோக்கியம் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தாள். இரும்புத் தகட்டிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டி எடுக்கிற மெஷின். வெட்டியது போக, துளைகளோடு மிஞ்சுகிற தகடு ஸ்கிராப்புக்குப் போகும். அந்தத் தொழிற்சாலை மேனேஜருக்கு, வெளியிலிருந்து வருகிற விருந்தாளிகள் பார்க்கும்படி வாசலில் ‘மாடர்ன் ஆர்ட்’ ஒன்று வேண்டும் என்று ஆசை. சகாயமேரி அந்த ஸ்கிராப்பையே கேட்டு வாங்கி, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சிற்பம் செய்து, பொங்கல் சமயத்தில் வாசல் புல்வெளியில் நிறுத்தினாள். ‘மிச்சம்’ என்று பெயர் வைத்தாள். மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததனாலேயே ரொம்பப் பிடித்துப்போயிற்று. விருந்தாளிகளை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்.

மே மாதம் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து நாட்டின் முன்னாள் பிரதமரும் சுற்றி நின்றவர்களும் செத்துப்போனது உங்களுக்கெல்லாம் வரலாறு. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அது வரலாறு இல்லை. பஸ்ஸில் பையைத் தடவிப் பார்ப்பது, ‘எந்த ஊரு, யாரு வூடு’ என்று வழியில் நிறுத்திக் கேட்பது, புது ஆளுக்கு லாட்ஜில் ரூம் கிடையாது. எல்லோரும் எல்லோரையும் ஒரு மாதிரியாகப் பார்த்த மாதங்கள்.

அந்த நேரத்தில்தான் சென்னையில் ஒரு கூட்டுக் கண்காட்சி நடந்தது. ‘மிச்சம்’ சிற்பத்தின் புகைப்படம் ஒன்றையும் அதில் மாட்டியிருந்தார்கள். கண்காட்சி மலருக்கு முன்னுரை எழுதியவர் ஒரு பேராசிரியர். பெயர் வேண்டாம். அவர் வாயைத் திறந்தால் அரங்கம் அமைதியாகிவிடும், அவ்வளவு படிப்பு. ‘துளைகள் காயங்கள், தகடு தேசத்தின் கிழிந்த உடல், வெடிப்புக்கு முன்பே வெடிப்பைக் கண்ட கண் இந்தக் கலைஞருடையது’ என்று எழுதினார். உடலைப் பற்றி, காயத்தைப் பற்றி, தேசம் என்ற கற்பிதத்தைப் பற்றி அப்போது புதிதாக வந்திருந்த கோட்பாடுகள் அத்தனையும் அந்த முன்னுரையில் இருந்தன. சிற்பம் மட்டும்தான் இல்லை. கண்காட்சிக்குப் போனவர்கள் பாராட்டினார்கள். ஒரு நாளிதழ் அதை எடுத்துப் போட்டது: ‘குண்டுவெடிப்பை முன்கூட்டியே சொன்ன சிலை.’

முன்கூட்டியே! மலரில் படித்தால் அது பெரிய பாராட்டு. விசாரணை நடக்கும் ஊரில் அது குற்றச்சாட்டு.

ஒரு நாள் சகாயமேரி எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

“ஆபீசருங்க ஸ்கூலுக்கே வந்துட்டாங்க மேடம். பொங்கலுக்கே உனக்கு எப்பிடித் தெரியும்னு கேக்கறாங்க. எனக்கு இன்னா தெரியும்? எட்மாஸ்டர் லீவு போட்டுட்டு வூட்ல இருன்னுட்டாரு.”

“அது குண்டுவெடிப்பு இல்லைன்னு சொன்னீங்களா?”

“சொன்னேனே. அப்ப இத எழுதனவரு பொய் சொல்றாரா, அவரு எம்மாம் பெரிய ஆளுன்றாங்க. நான் செஞ்சத நான் சொன்னா நம்ப மாட்றாங்க மேடம். அவரு பாக்காம எழுதனத நம்பறாங்க.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் எதிரிலேயே பேராசிரியருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி, ‘இது என்னுடைய வாசிப்பு மட்டுமே, கலைஞரின் நோக்கம் இதுவல்ல’ என்று நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன்.

“அம்மா, படைப்பு வெளியில வந்துட்டா அது படைச்சவங்களுக்குச் சொந்தம் இல்ல. இது உங்களுக்குத் தெரியாததா?” என்றார்.

“தெரியும் ஐயா. ஆனா விசாரணைக்குக் கூப்பிடறப்ப படைப்பைக் கூப்பிடறதில்ல. படைச்சவளைத்தான் கூப்பிடறாங்க.”

கொஞ்சம் யோசித்தார். பிறகு, “அந்த விசாரணையும் அந்தப் படைப்போட அர்த்தத்துல ஒரு பகுதியாயிடும், இல்லையா?” என்றார். குரலில் ஒரு மகிழ்ச்சி இருந்தது. தன் கருத்துக்கு இன்னொரு ஆதாரம் கிடைத்த மகிழ்ச்சி. ஒரு பெண் வேலை போய்விடுமோ என்று நடுங்கிக்கொண்டிருக்கிறாள். அது அவருக்கு அடிக்குறிப்பு.

“நீங்க போய் அதைப் பார்த்தீங்களா ஐயா?”

“புகைப்படம் தெளிவா இருக்கே.”

போனை வைத்துவிட்டேன். வைத்த வேகத்தில் அலுவலகத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டொரு நாளில், பள்ளிக்கு வந்த அதிகாரிகளில் ஒருவர் தொழிற்சாலைக்கே வருவதாக இருந்தது. சிற்பத்தைப் பார்த்து முடிவு செய்யப்போகிறார். “கலை தெரிஞ்சவங்க யாராவது வந்து சொன்னா கேக்கறேன்” என்று சகாயமேரியிடம் சொல்லியிருக்கிறார். நான் போனேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கோட்பாட்டை நான் பழிக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ‘எதுக்கு இந்தப் பெரிய வார்த்தையெல்லாம், பார்த்தா பிடிக்கணும், அவ்வளவுதான்’ என்று சொல்கிற சோம்பேறிகள் மேல் எனக்கு இதைவிடக் கோபம் உண்டு. சிற்பம் என்பது படமில்லை, பார்க்கிறவர் சுற்றி நடப்பதும் அதன் ஒரு பகுதி, அது நிற்கும் இடமும் அதன் பொருளில் சேர்ந்தது என்றெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது கோட்பாடுதான். அது மட்டும் இல்லையென்றால் நானும் சாலையிலேயே நின்றிருப்பேன்.

அதிகாரி சாதாரண உடையில் இருந்தார். எந்தத் துறை என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. களைத்த மனிதர், மரியாதை தெரிந்தவர். கையில் கண்காட்சி மலர். முன்னுரையில் வரிவரியாகக் கோடு போட்டிருந்தார். பக்கத்தில் மேனேஜர், வெயிலில் வியர்த்துக்கொண்டு. இந்தத் தொல்லையே வேண்டாம், எடுத்துக் கடாசிவிடலாம் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. சகாயமேரி சற்றுத் தள்ளி நின்றாள்.

“பேராசிரியர்ட்டயும் பேசினேன்மா,” என்றார் அதிகாரி. “அவங்களுக்கே தெரியாம அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு சொல்றாரு. ஆழ்மனசாம். இந்த வாக்கியத்தை வெச்சிகிட்டு நான் என்ன பண்றது, சொல்லுங்க. விடவும் முடியல, பிடிக்கவும் முடியல.”

“சார், எழுதினதை மூடி வெச்சிடுங்க. இதைப் பாருங்க,” என்று சிற்பத்தின் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

சாலைப் பக்கமிருந்து பார்த்தால் அது ஒரே குழப்பம். நீளத் தகடுகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. முன்தகட்டின் துளை வழியாகப் பின்தகட்டின் துளை. காற்றில் ஏதோ சிதறுவதைப் போலத்தான் இருந்தது. புகைப்படம் எடுத்தவர் இங்கேதான் நின்றிருக்கிறார்.

“துளையோட விளிம்பைத் தொட்டுப் பாருங்க சார். அச்சு வெச்சு வெட்டினது. குண்டு கிழிச்ச தகடு இப்படியா இருக்கும்?”

அவர் விரலால் தடவினார். “இல்ல,” என்றார் மெதுவாக. “அந்தத் தகடு எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியும். நான் பார்த்தேன்.” விரலை எடுத்துக்கொண்டார்.

“இந்த ஓரமெல்லாம் ராவி ராவி வழவழன்னு பண்ணியிருக்காங்க பாருங்க. யார் கைபட்டாலும் கிழிக்கக் கூடாதுன்னு செஞ்சிருக்காங்க. சிதறலைக் காட்ட நினைக்கறவங்க இந்த வேலையைச் செய்ய மாட்டாங்க. அவங்களுக்குக் கூர்மை வேணும். அடுத்து, இது எல்லாமே நட்டுக்க நிக்குது. எதுவும் விழல, வளையல...”

பேசிக்கொண்டே சுற்றி நடந்தேன். மறுபக்கம் ஒரு சின்ன கேட் இருந்தது. டைம் ஆபீஸுக்குப் பக்கத்தில், தொழிலாளிகள் உள்ளே வருகிற வழி. ஷிப்ட் முடிந்து பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்காக அங்கே நின்றிருந்தார்கள். அவர்கள் பக்கமாக வந்து திரும்பிப் பார்த்தேன். பாதி வாக்கியம் வாயிலேயே நின்றுவிட்டது.

அங்கிருந்து பார்த்தால் தகடுகள் ஒன்றையொன்று மறைக்கவில்லை. பிரிந்து தனித்தனியாக நின்றன. அடியில் அகலமான ஒரு தகடு. அதிலிருந்து ஐந்து. ஓரத்தில் ஒன்று மட்டும் குட்டையாக, விலகிச் சாய்ந்து. அதற்கு அடுத்த இரண்டும் பாதியில் முடிந்துபோயிருந்தன. முடிந்த இடத்தைத்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக ராவி வழவழப்பாக்கியிருந்தாள்.

கை. இரண்டு விரல் இல்லாத கை.

பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி வலது கையை முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள். அவள் என்னைப் பார்த்துத் தலையை லேசாக, மிக லேசாக, அசைத்தாள். வேண்டாம் என்று.

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. அந்தத் தொழிற்சாலையின் பிரஸ் மெஷின் தங்கைக்குச் செய்ததைத் தொழிற்சாலையின் தகட்டிலேயே செய்து, தொழிற்சாலையின் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறாள். காரில் வருகிறவருக்கு மாடர்ன் ஆர்ட். நடந்து வேலைக்கு வருகிற பெண்களுக்கு, தினமும் காலையில், உண்மை. அத்தனை பேரும் பொங்கலிலிருந்து வாயைத் திறக்காமல் அதைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

“அந்தப் பக்கம் ஏதாவது தெரியுதா மேடம்?” மேனேஜர் என்னை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

ஒரு விமர்சகருக்கு வாழ்க்கையில் கிடைக்கிற பெரிய சந்தோஷம் எது தெரியுமா? யாரும் காணாததைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் முன்னால் சொல்வது. அந்தச் சந்தோஷம் என் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. சொல்லியிருந்தால் அதிகாரியின் சந்தேகம் அந்த நொடியிலேயே தீர்ந்திருக்கும். சகாயமேரி தப்பியிருப்பாள். சிற்பமும் தங்கையின் வேலையும் போயிருக்கும். ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல, வெறும் வடிவம்’ என்று சொல்லியிருந்தாலும் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண்களை எதிரில் வைத்துக்கொண்டு அதை வெறும் வடிவம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

நான் வேகமாகத் திரும்பி மேனேஜருக்கு எதிரே வந்தேன். “இங்க வெயில் கண்ணைக் கூசுது சார். ரோட்டுப் பக்கமே போயிடலாம்.” அவர் நின்று, என்னோடு திரும்பினார்.

அதிகாரி விடவில்லை. “சரிம்மா, வெடிப்பு இல்ல. ஒத்துக்கறேன். அப்ப இது என்னதான்?”

சகாயமேரி என்னையே பார்த்தாள். நான் தெரிந்துகொண்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

“பேர்லயே இருக்கு சார். மெஷின் தனக்கு வேணுங்கறதை வெட்டி எடுத்துக்குது. எடுத்தது எங்கேயோ போய் உபயோகமாயிடுது. வெட்டுப்பட்டு மிஞ்சினதை யாரும் திரும்பிப் பார்க்கறதில்ல. அதை நிமிர்த்தி நிக்க வெச்சிருக்காங்க.”

“கரெக்ட்! நம்ம புரொடக்‌ஷனைத்தான் காட்டியிருக்காங்க,” என்றார் மேனேஜர், முகம் மலர்ந்து.

அதிகாரி அவரைப் பார்த்தார். பிறகு பஸ்ஸுக்கு நின்ற பெண்களைப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. “இந்த அம்மாவை இனிமே யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க,” என்று சொல்லிவிட்டு, மலரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். சொன்னபடியே செய்தார். சகாயமேரி பள்ளிக்குத் திரும்பினாள். சிற்பமும் அங்கேயே நின்றது.

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் டீ குடிக்கும்போது அவள் சொன்னாள்: “எழுதிராதீங்க மேடம். வெரலு போனதுக்கு தப்பு தங்கச்சி மேலதான்னு சொல்லி, பேக்கிங்ல வெச்சிகினு கீறாங்க. இது தெரிஞ்சா அதுவும் பூடும்.”

“எழுத மாட்டேன்.”

“நானே சொல்ற வரைக்கும்.”

“நீங்க சொல்ற வரைக்கும்.”

வாக்குக் கொடுப்பது சுலபம். அதற்குப் பிறகு நடந்ததைப் பொறுத்துக்கொள்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பேராசிரியரின் முன்னுரை ஒரு தொகுப்பில் சேர்ந்தது. பிறகு இன்னொன்றில். மாணவர்கள் தேர்வில் எழுதினார்கள். ‘கிழிந்த உடல்’ என்பது சிற்பத்தின் இரண்டாவது பெயரைப் போல ஆகிவிட்டது. மறுத்து எழுத வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். என்னால் சொல்ல முடியாது. ஒரு கருத்தரங்கில் பொறுக்க முடியாமல் எழுந்து, “ஐயா இதுவரைக்கும் அந்தச் சிற்பத்தைப் போய்ப் பார்த்திருக்காரா?” என்று மட்டும் கேட்டேன். “அம்மையார் இன்னும் பழைய பள்ளியில இருக்காங்க,” என்றார் அவர். அரங்கம் சிரித்தது. நான் உட்கார்ந்தேன். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை.

அவர் அதிகம் படித்ததில் எந்தத் தவறும் இல்லை. கோட்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இரும்பிடம் போயிருக்க வேண்டியவர், வீட்டிலேயே உட்கார்ந்து இரும்பைக் கோட்பாட்டிடம் வரவழைத்தார். அதனால் யார் தலையில் என்ன விழுகிறது என்று பார்க்கவும் மறுத்தார். நீங்கள் ஒரு படைப்புக்குப் பொருள் சொல்லும் ஒவ்வொரு முறையும் அதற்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கக்கூடும். அந்த ஒருவர் பெரும்பாலும் நீங்களாக இருக்க மாட்டீர்கள். சொல்வதற்கு முன் அது யார் என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் பஸ் ஏறிப் போய்க் கேளுங்கள்.

அந்தத் தொழிற்சாலை பிறகு மூடப்பட்டது. இடம் கைமாறியபோது சிற்பமும் பழைய இரும்போடு இரும்பாகப் போய்விட்டது. அது ஒரு கலைப்படைப்பு என்று யாரும் தடுக்கவில்லை. அதைப் பற்றிக் கட்டுரை எழுதிய ஒருவருக்கும் அது இல்லை என்பதே தெரியாது.

உங்கள் இதழைப் படித்த கோபத்தோடு போன வாரம் ஒரகடம் போனேன். ஆரோக்கியம் இப்போது அங்கே தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமையலறையைப் பார்த்துக்கொள்கிறாள். சகாயமேரியும் வந்திருந்தாள். கட்டுரையைப் படித்துக் காட்டினேன். சகாயமேரி, “இன்னுமா இத்த சொல்லிகினு கீறாங்க?” என்று சிரித்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். “நீ சொல்லு. உன் இஷ்டம்தான்.”

“இப்ப எழுதலாமா ஆரோக்கியம்?” என்று கேட்டேன். ‘ஒரு பெண் தொழிலாளியின் கை’ என்று தலைப்புக்கூட யோசித்து வைத்திருந்தேன். அதையும் சொன்னேன்.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். முந்தானையால் மூடாமல் வலது கையை மேஜைமேல் வைத்தாள்.

“இத்தினி வருசமா தேசத்தோட உடம்புன்னாங்க. இப்ப நீங்க தொழிலாளி கைன்றீங்க. அது இன்னா மேடம், எல்லாருக்கும் சொந்தமான கையா? எனக்கு ஒரு பேரு கீதுல்ல?”

அதனால் கட்டுரை எழுதியவருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் திருத்தம் போடும்போது இப்படிப் போடுங்கள்: ‘மிச்சம்’. இரும்பு. செய்தவர் சகாயமேரி. ஆரோக்கியத்தின் வலது கை.